மூன்று அழுகண்ணிகள்

படிக்கும் முன் பேசுவோம்

1. உங்கள் பக்கத்துக் கடையில் எத்தனை வகைப் பேரீச்சம்பழம் இருக்கிறது? ஒரு வகையை இன்னொன்றிலிருந்து எப்படிப் பிரித்துச் சொல்வீர்கள்?
2. பூச்சியைப் பிடித்து உண்ணும் செடியைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறீர்களா?

பாடம்

"பேரீச்சம்பழம் எல்லாம் ஒண்ணுதானே!" என்று ஊரிலிருந்து வந்த மாமா சொன்னால் நீங்கள் ஒப்புக்கொள்வீர்களா? துபாயிலோ மஸ்கட்டிலோ தோஹாவிலோ வளரும் உங்களுக்கு அது சரியில்லை என்று தெரியும். "இல்ல மாமா, இது வேற, அது வேற" என்று சொல்லிவிடுவீர்கள்.

புதிதாகப் பறித்த பர்ஹி மஞ்சளாக, உருண்டையாக இருக்கும். குனைஸி கருஞ்சிவப்பாக இருக்கும். லூலூ சின்னதாக, உருண்டையாக இருக்கும். அரபியில் லூலூ என்றால் முத்து. ஆனால் ஒன்று கவனியுங்கள். மஞ்சள் பர்ஹி நன்றாகக் கனிந்தால் பழுப்பாகிவிடும். அப்போது நிறத்தை மட்டும் நம்பினால் ஏமாந்துபோவோம். வடிவம், அளவு, தோல் எல்லாவற்றையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

ஒன்றுபோல் இருப்பவற்றைப் பிரித்தறிவது ஒரு நல்ல பழக்கம். இந்தப் பாடத்தில் அந்தப் பழக்கத்தை மூன்று சின்னச் செடிகளிடம் பயன்படுத்திப் பார்ப்போம். அவை தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் வளர்கின்றன. மூன்றும் பூச்சி பிடிக்கும். மூன்றின் மேலும் பனித்துளி மின்னுவது போலத் தெரியும். பார்த்தவுடன், "எல்லாம் ஒரே செடிதான்" என்று தோன்றும். வாங்க, அருகில் போய்ப் பார்ப்போம்.

அழுகண்ணி என்ற பெயர் எப்படி வந்தது?

இந்தச் செடியின் இலைகளில் நிறைய மெல்லிய முடிகள் உண்டு. அவற்றை உணர்முடிகள் என்று சொல்வோம். ஒவ்வோர் உணர்முடியின் நுனியிலும் ஒரு துளி நீர் நிற்கும். காலைப் பனி விழுந்த புல்லைப் போலச் செடி முழுவதும் மினுமினுக்கும்.

நிஜமான பனித்துளி, வெயில் ஏறியதும் காய்ந்துவிடும். இந்தத் துளிகளோ நடுப்பகலிலும் அப்படியே இருக்கும். அதனால்தான் பழைய ஐரோப்பியர் இதற்கு லத்தீனில் "சூரியனின் பனி" என்று பெயர் வைத்தார்கள். இதன் அறிவியல் பெயர் ட்ரோசெரா. அதுவும் பனி என்ற பொருள் தரும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. தமிழில் பனித்துளிச் செடி என்று சொல்லலாம்.

நம் ஊரில் இதற்கு இன்னொரு பெயரும் உண்டு: அழுகண்ணி. கண்ணீர் ததும்பும் கண் போல இருப்பதால் அந்தப் பெயர். மலையாளத்திலும் இதே பெயர்தான். உங்கள் வகுப்பில் மலையாளம் பேசும் நண்பர் இருந்தால் கேட்டுப் பாருங்கள்.

ஆனால் அழுகண்ணி உண்மையில் அழுவதில்லை. அந்தத் துளி, கண்ணீரைப் போல வழியாது. அது பசை! தேன் இருக்கிறது என்று நினைத்து ஒரு கொசுவோ எறும்போ வந்து உட்கார்ந்தால் கால் ஒட்டிக்கொள்ளும். தப்பிக்கத் துள்ளும்போது இன்னும் பல துளிகள் ஒட்டும். பக்கத்து உணர்முடிகளும் பூச்சியின் பக்கம் வளைந்து வரும். பிறகு இலை ஒரு செரிமான நீரைச் சுரக்கும். பூச்சியின் மெல்லிய பகுதிகள் கரையும். இலை அந்தச் சத்தை உறிஞ்சிக்கொள்ளும். கடைசியில் வெறும் கூடு மட்டும் மிஞ்சும்.

"செடிக்கு எதுக்குப் பூச்சி? அதுதான் மண்ணிலேர்ந்து சாப்பாடு எடுக்குமே!" என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்வி. இந்தச் செடி வாழும் மண்ணில் தண்ணீர் இருக்கும், சத்து மிகக் குறைவு. முக்கியமாக, எல்லாச் செடிக்கும் வேண்டிய நைட்ரஜன் அங்கே போதாது. அந்தக் குறையைப் பூச்சி தீர்க்கிறது. மற்ற செடிகளைப் போல இதுவும் பச்சை இலையில் வெயிலைக் கொண்டு உணவு தயாரிக்கும். பூச்சி அதற்குக் கூடுதல் சத்து.

சார்லஸ் டார்வின் என்ற ஆங்கிலேய அறிஞர் இங்கிலாந்தில் வளரும் ஒரு பனித்துளிச் செடியைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தார். இலை மேல் இறைச்சித் துண்டு, முட்டையின் வெள்ளைக்கரு, கண்ணாடித் துண்டு என்று பலவற்றை வைத்துப் பார்த்தார். மழைத்துளி விழுந்தால் உணர்முடிகள் ஏமாந்து வளைவதில்லை என்றும் கண்டார். 1875இல் பூச்சி உண்ணும் செடிகளைப் பற்றி ஒரு பெரிய புத்தகமே எழுதினார்.

உலகில் 200க்கும் மேற்பட்ட பனித்துளிச் செடி இனங்கள் இருக்கின்றன. அவற்றில் பாதிக்கும் மேல் ஆஸ்திரேலியாவில் வளர்கின்றன. நமக்கு நன்கு தெரிந்த மூன்று இந்தியாவிலும் இலங்கையிலும் வளர்கின்றன. அவற்றின் பெயர்கள்: ட்ரோசெரா பர்மன்னி, ட்ரோசெரா இண்டிகா, ட்ரோசெரா பெல்ட்டாட்டா. இனி அவற்றைச் சுருக்கமாகப் பர்மன்னி, இண்டிகா, பெல்ட்டாட்டா என்றே கூப்பிடுவோம்.

எதை நம்பக் கூடாது?

செடியைப் பிரித்தறிய வேண்டும் என்றால், முதலில் நம் கண் எங்கே போகும்? மின்னும் துளிக்குத்தான் போகும். ஆனால் அந்தத் துளி மூன்றுக்கும் பொது. எல்லோரிடமும் இருக்கும் ஒன்றை வைத்து ஒருவரை அடையாளம் சொல்ல முடியுமா? "சீருடை போட்ட பையன்" என்று சொன்னால் பள்ளியில் யாரைத் தேடுவது?

இலையில் ஏதோ மின்னினால் அது பனித்துளிச் செடி என்றும் சொல்ல முடியாது. அபுதாபியில் ஜுபைல் அலையாத்திக் காட்டுக்குப் போயிருக்கிறீர்களா? அங்குள்ள அலையாத்தி மரங்களின் இலைகளிலும் சில நேரம் பளபளப்பு தெரியும். அது உப்பு. கடல்நீரில் வாழும் அந்த மரம், கூடுதல் உப்பை இலை வழியாக வெளியே தள்ளுகிறது. அங்கே பசையும் இல்லை, பூச்சி வேட்டையும் இல்லை.

அடுத்து, நிறம். "சிவப்பா இருந்தா ஒண்ணு, பச்சையா இருந்தா இன்னொண்ணு" என்று நினைப்பது எளிது. ஆனால் அது தவறாகப் போகும். பல பனித்துளிச் செடிகள் நல்ல வெயிலில் சிவக்கும். அதே செடி நிழலில் பச்சையாக இருக்கும். வெயிலில் விளையாடினால் நம் முகம் கூடச் சிவக்கிறதே!

இன்னோர் எடுத்துக்காட்டு. தென்னாப்பிரிக்காவின் கேப் பகுதியில் வளர்வது ட்ரோசெரா கேப்பென்சிஸ். உலகின் பல நாடுகளில் மக்கள் இதைத் தொட்டியில் வளர்க்கிறார்கள். இதில் முழுச் சிவப்பு வகை உண்டு. சிவப்பே இல்லாத, வெள்ளைப் பூப் பூக்கும் வகையும் உண்டு. சாதாரண வகை இளஞ்சிவப்பாகப் பூக்கும். பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் வேறு வேறு செடி போலத் தெரியும். ஆனால் எல்லாம் ஒரே இனம்! ஆக, நிறம் மாறினாலும் இனம் ஒன்றாக இருக்கலாம். நிறம் ஒன்றாக இருந்தாலும் இனம் வேறாக இருக்கலாம்.

பூவை நம்பலாமா? கொஞ்சம் உதவும். ஆனால் இந்தப் பூக்கள் வெயில் நேரத்தில் சில மணி நேரம்தான் விரியும். நாம் போகும்போது பெரும்பாலும் மூடியிருக்கும்.

அப்படியானால் எதைப் பார்ப்பது? செடி நிற்கும் விதம், இலையின் வடிவம், இலைக்காம்பு, வளரும் இடம். இந்த நான்கும் நம்மை ஏமாற்றாது.

முதலாவது: பர்மன்னி

தரையோடு ஒட்டிப் படுத்திருக்கும் சின்னச் செடி இது. இலைகள் எல்லாம் நடுவிலிருந்து சுற்றிலும் விரிந்திருக்கும், கோலத்தில் போடும் பூவைப் போல. இப்படி வட்டமாக அடுக்கிய இலைகளை இலைவட்டம் என்போம். சில செடிகள் ஒரு திர்ஹாம் நாணயத்துக்குள் அடங்கிவிடும். அவ்வளவு சிறியது!

ஒவ்வோர் இலையும் ஆப்பு வடிவில் இருக்கும். அதாவது நடுப்பக்கம் குறுகலாகத் தொடங்கி, வெளியே போகப் போக அகலமாகும். பீட்சாத் துண்டை நினைத்துக்கொள்ளுங்கள். அதன் கூர்முனை செடியின் நடுவில் இருக்கும். காம்பு எங்கே முடிகிறது, இலை எங்கே தொடங்குகிறது என்று தனியாகச் சொல்ல முடியாது.

பர்மன்னிக்கு ஒரு தனித் திறமை உண்டு. இலையின் ஓரத்தில் மற்றவற்றைவிட நீளமான உணர்முடிகள் இருக்கும். அவற்றின் நுனியில் பசை இருக்காது. பூச்சி தொட்டால் அவை சில நொடிகளில் உள்ளே மடங்கி, பூச்சியைப் பசைக்குள் தள்ளிவிடும். பல பனித்துளிச் செடிகளுக்கு இதைச் செய்யப் பல நிமிடங்கள் ஆகும்.

பூக்கும் காலத்தில் நடுவிலிருந்து ஒரு மெல்லிய பூத்தண்டு மேலே எழும். பூ சிறியது, பெரும்பாலும் வெள்ளை. "அட, இதுக்குத் தண்டு இருக்கே!" என்று குழம்பிவிடாதீர்கள். அது பூவைத் தாங்கும் தண்டு. அதில் இலை இருக்காது.

பெயர் எப்படி வந்தது? யோஹன்னஸ் பர்மன் என்ற டச்சுத் தாவர அறிஞர் 1737இல் இலங்கைச் செடிகளைப் பற்றி ஒரு புத்தகம் வெளியிட்டார். பிறகு 1794இல் மார்ட்டின் வால் என்ற அறிஞர், அவர் நினைவாக இந்தச் செடிக்குப் பர்மன்னி என்று பெயர் வைத்தார்.

இரண்டாவது: இண்டிகா

இது நிமிர்ந்து நிற்கும் செடி. ஒரு சாண் உயரம் வளரும். சில நேரம் அதைவிட உயரமாகவும் வளரும். நீளமாகிவிட்டால் பக்கத்துப் புல்லின் மேல் சாய்ந்துகொள்ளும்.

இலைகள் நாடா போல நீளமாக, மிகவும் ஒடுக்கமாக இருக்கும். நீளம் 10 சென்டிமீட்டர் வரை போகலாம். அகலமோ சில மில்லிமீட்டர்தான். தண்டின் கீழிருந்து மேல்வரை அவை எல்லாப் பக்கமும் நீட்டிக்கொண்டிருக்கும். இளம் இலையின் நுனியைப் பாருங்கள். பெரணிச் செடியின் இளந்தளிர் போல அது சுருண்டிருக்கும். இலை வளர வளர அந்தச் சுருள் அவிழும்.

பூ இளஞ்சிவப்பாக இருக்கலாம், வெள்ளையாகவும் இருக்கலாம். இதன் வாழ்க்கை குறுகியது. மழைக்காலத்தில் முளைத்து, பூத்து, விதை போட்டு, மண் காய்ந்ததும் செடி இறந்துவிடும். அடுத்த மழைக்கு விதையிலிருந்து புதுச் செடி வரும்.

இந்தப் பெயரைக் கார்ல் லின்னேயஸ் என்ற ஸ்வீடன் அறிஞர் 1753இல் கொடுத்தார். இண்டிகா என்றால் "இந்தியாவைச் சேர்ந்தது" என்று பொருள். ஆனால் இது ஆப்பிரிக்காவிலும் வளர்கிறது.

மூன்றாவது: பெல்ட்டாட்டா

இதுவும் நிமிர்ந்து நிற்கும். உயரம் 10 முதல் 30 சென்டிமீட்டர் வரை. ஆனால் இலையைப் பார்த்தால் இண்டிகாவோடு குழப்பம் வராது. முதலில் ஒரு மெல்லிய காம்பு. அதன் முனையில் குட்டிப் பிறை நிலா மாதிரி ஓர் இலை. பிறையின் இரண்டு முனைகளிலும் உணர்முடிகள் நீளமாக நீட்டிக்கொண்டிருக்கும்.

காம்பு எங்கே சேர்கிறது என்றும் பாருங்கள். மாவிலையில் காம்பு இலையின் ஓரத்தில் சேரும். தாமரை இலையில் அடிப்பக்கத்தின் நடுவே சேரும். பெல்ட்டாட்டாவிலும் காம்பு ஓரத்தில் சேராமல் இலையின் முதுகில் சேர்கிறது. கேடயத்தைப் பிடிக்கும் கைப்பிடி போல! பெல்ட்டா என்பது ஒரு வகைச் சிறு கேடயத்தின் பெயர். அதிலிருந்துதான் பெல்ட்டாட்டா வந்தது. ஆசியாவில் வளரும் செடியைச் சில அறிஞர்கள் தனி இனமாகப் பிரித்து லுனாட்டா என்று அழைக்கிறார்கள். அதற்குப் பிறை வடிவம் என்று பொருள். ஒருவர் கேடயத்தைப் பார்த்தார், ஒருவர் நிலாவைப் பார்த்தார்!

இதற்கு மண்ணுக்குள் ஒரு ரகசியம் இருக்கிறது: ஒரு சின்னக் கிழங்கு. வறண்ட காலத்தில் மேலே உள்ள செடி காய்ந்து மறைந்துவிடும். கிழங்கு உள்ளே உறங்கும். மழை வந்ததும் அதிலிருந்து செடி மறுபடி எழும்.

எங்கே, எப்போது பார்க்கலாம்?

பர்மன்னியும் இண்டிகாவும் பெரும்பாலும் சமவெளியிலும் சிறிய குன்றுகளிலும் வளரும். மழை நீர் ஊறும் மணற்பாங்கான திறந்த இடங்களும், ஈரமான பாறைச் சரிவுகளும் அவற்றுக்குப் பிடிக்கும். மகாராஷ்டிராவில் உள்ள காஸ் பீடபூமியில் இரண்டும் வளர்கின்றன. பெல்ட்டாட்டா மலைக்குரியது. நீலகிரி, கொடைக்கானல், மூணாறு ஆகிய இடங்களின் உயரமான புல்வெளிகளில் இதைக் காணலாம்.

அமீரகத்தில் பனித்துளிச் செடி இயற்கையாக வளர்வதில்லை. ஆனால் உங்கள் விடுமுறை இதற்கு மிகவும் பொருத்தமாக அமைந்திருக்கிறது. ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் ஊருக்குப் போகிறீர்கள், அல்லவா? அப்போது தென்மேற்குப் பருவமழை. மலைப் புல்வெளியில் பெல்ட்டாட்டாவைத் தேடலாம். டிசம்பர் விடுமுறையில் போனால் வடகிழக்குப் பருவமழையின் ஈரம் சமவெளியில் இருக்கும். பர்மன்னியையும் இண்டிகாவையும் தேடலாம்.

குழப்பம் வரும் இடங்கள்

இப்போ நமக்கு மூன்றும் தெரியும். இருந்தாலும் இரண்டு இடங்களில் பெரியவர்களே தடுமாறுவார்கள்.

ஒன்று: இளம் பெல்ட்டாட்டா. மண்ணிலிருந்து எழும்போது அதுவும் தரையில் ஒரு சின்ன இலைவட்டம் போடும். நிமிர்ந்த தண்டு பிறகுதான் வரும். அதைப் பார்த்து, "ஐ, பர்மன்னி!" என்று கத்திவிடுவோம். அப்போது இலைக்காம்பைப் பாருங்கள். மெல்லிய காம்பும், அதன் முனையில் வட்டமான இலையும் தனித்தனியாகத் தெரிந்தால் அது பெல்ட்டாட்டா. காம்பு தனியாகத் தெரியாமல் பீட்சாத் துண்டு போல விரிந்தால் பர்மன்னி. நிற்கும் இடத்தையும் நினைத்துக்கொள்ளுங்கள். ஊட்டியின் மலைப் புல்வெளியா, கடலோர மணலா?

இரண்டு: தொட்டியில் வளரும் ஸ்பேட்டுலாட்டா என்ற இனம். இது ஜப்பானிலிருந்து நியூசிலாந்து வரை பல நாடுகளில் வளர்வது. இதுவும் தரையோடு ஒட்டிய இலைவட்டம்தான். பர்மன்னி போலவே தெரியும். இதன் இலை கரண்டி வடிவில் இருக்கும். பர்மன்னியின் இலை ஆப்பு வடிவம். இலை ஓரத்து முடிகளின் வேகமும் வேறு. பூ விரிந்திருந்தால் ஒரு கைலென்ஸ் எடுத்துப் பூவின் நடுவே பாருங்கள். சூல்தண்டு என்ற மெல்லிய இழைகள் தெரியும். பர்மன்னியில் அவை 5. ஸ்பேட்டுலாட்டாவில் 3, ஒவ்வொன்றும் இரண்டாகப் பிரிந்திருக்கும்.

ஆராய்ச்சியாளர்களுக்கும் இந்தக் குழப்பம் உண்டு. ஆஸ்திரேலியாவில் ஒரு காலத்தில் பல செடிகளை இண்டிகா என்ற ஒரே பெயரில் சொன்னார்கள். பிறகு இலை மேல் உள்ள முடிகளையும் விதைகளையும் நுணுக்கமாகப் பார்த்தார்கள். அவற்றுள் பல தனி இனங்கள் இருப்பது தெரிய வந்தது.

நான்கு கேள்விகள்

செடியைப் பார்த்தால் இந்த வரிசையில் கேளுங்கள்.

கேள்வி 1: இலைகள் உள்ள தண்டு நிமிர்ந்து நிற்கிறதா?
ஆம் என்றால் கேள்வி 2க்குப் போங்கள். இல்லை என்றால் கேள்வி 3க்குப் போங்கள்.

கேள்வி 2: இலை எந்த வடிவம்?
நீளமான, ஒடுக்கமான நாடா என்றால் இண்டிகா. காம்பின் முனையில் பிறை நிலா என்றால் பெல்ட்டாட்டா.

கேள்வி 3: தரையில் உள்ள இலைக்குத் தனிக் காம்பு தெரிகிறதா?
இல்லை, ஆப்பு வடிவம் என்றால் பர்மன்னி. ஆம், காம்பின் முனையில் வட்ட இலை என்றால் இளம் பெல்ட்டாட்டாவாக இருக்கலாம்.

கேள்வி 4: இடம் பொருந்துகிறதா?
உயர்ந்த மலைப் புல்வெளி என்றால் பெல்ட்டாட்டாவுக்கு வாய்ப்பு அதிகம். சமவெளி ஈர மணல் என்றால் மற்ற இரண்டுக்கும் வாய்ப்பு அதிகம்.

"பேர் தெரிஞ்சா என்ன, தெரியாட்டா என்ன?"

இப்படி யாராவது கேட்டால் என்ன பதில் சொல்வீர்கள்?

ஒரு ஊரில் மூன்று வகையும் இருந்தன என்று வைத்துக்கொள்வோம். ஊரார் மூன்றையும் அழுகண்ணி என்றே சொன்னார்கள். ஈரமான இடத்தில் வீடு வந்தது, சாலை வந்தது. இரண்டு வகை அழிந்துவிட்டன. ஒன்று மட்டும் மிஞ்சியது. அப்போதும் ஊரார், "அழுகண்ணியா? அதோ இருக்கே!" என்றுதான் சொல்வார்கள். இரண்டு செடிகள் போனதே யாருக்கும் தெரியாது. பெயர் பிரித்துச் சொல்லத் தெரிந்தவர் ஒருவர் இருந்திருந்தால், "இது பர்மன்னி. இண்டிகா எங்கே?" என்று கேட்டிருப்பார்.

இது வெறும் கற்பனைக் கவலை இல்லை. இந்தச் செடிகள் குட்டையானவை. திறந்த வெளியும் வெயிலும் ஈரமும் வேண்டும். நீலகிரியின் புல்வெளிகளில் பல இடங்களில் தைல மரமும் சீகை மரமும் நட்டார்கள். மரம் வளர்ந்து நிழல் விழுந்த இடத்தில் பெல்ட்டாட்டா போன்ற சிறு செடிகளுக்கு இடம் இல்லை. மருந்துக்காகவும் மக்கள் இவற்றைப் பறிக்கிறார்கள். கிழங்கோடு பிடுங்கினால் பெல்ட்டாட்டா அடுத்த மழைக்கு எழாது.

அதனால் செடியைக் கண்டால் பிடுங்க வேண்டாம். உட்கார்ந்து பாருங்கள். கால் வைக்கும் இடத்தையும் கவனியுங்கள். பக்கத்திலேயே இன்னும் பத்துச் செடிகள் இருக்கலாம். விரலால் தொட்டு உணர்முடிகளைத் தொந்தரவு செய்யாதீர்கள். வளைவதற்கு அதற்குச் சக்தி செலவாகும்.

படம் எடுக்கலாம். முழுச் செடி ஒன்று, ஓர் இலையின் அருகாமைப் படம் ஒன்று, தண்டு மண்ணைத் தொடும் இடம் ஒன்று. அளவு தெரிய ஒரு நாணயத்தைப் பக்கத்தில் வையுங்கள். இடத்தையும் நாளையும் எழுதிக்கொள்ளுங்கள். அப்பா அம்மாவின் உதவியோடு ஐநேச்சுரலிஸ்ட் என்ற தளத்தில் அந்தப் படங்களைப் போடலாம். செடி தெரிந்தவர்கள் உங்கள் விடை சரியா என்று பார்த்துச் சொல்வார்கள். உங்கள் படம், அந்த இடத்தில் அந்தச் செடி இருந்ததற்கு ஒரு சாட்சி.

சொல் அறிவோம்

உணர்முடி: இலையில் உள்ள, தொட்டால் வளையும் மெல்லிய முடி
இலைவட்டம்: தரையோடு ஒட்டி வட்டமாக விரிந்த இலைகள்
காம்பு: இலையைத் தண்டோடு சேர்க்கும் பகுதி
ஆப்பு: ஒரு முனை குறுகி, மறுமுனை அகன்ற துண்டு
பிறை: வளைந்த, பாதிக்கும் குறைவான நிலா
சாண்: விரித்த கையில் கட்டைவிரல் நுனி முதல் சுண்டுவிரல் நுனி வரை உள்ள நீளம்
இனம்: ஒரே வகையைச் சேர்ந்த உயிர்களின் கூட்டம்

பேச்சும் எழுத்தும்

பாடத்தில் வந்த பேச்சு வழக்குச் சொற்களும் அவற்றின் எழுத்து வடிவமும்:

ஒண்ணுதானே: ஒன்றுதானே
எதுக்கு: எதற்கு
மண்ணிலேர்ந்து: மண்ணிலிருந்து
தெரிஞ்சா: தெரிந்தால்
இன்னொண்ணு: இன்னொன்று

"சிவப்பா இருந்தா ஒண்ணு" என்பதை எழுத்துத் தமிழில் எழுதுங்கள்.

கண்டுபிடியுங்கள்

இவை எந்தச் செடிகள்? காரணமும் சொல்லுங்கள்.

1. கடலோரத்தில் ஈர மணல். தரையோடு ஒட்டிய பச்சை இலைவட்டம். இலைக்குத் தனிக் காம்பு தெரியவில்லை.
2. அதே மணலில், இரண்டடி தள்ளி, கருஞ்சிவப்பு இலைவட்டம். இலைகள் ஆப்பு வடிவம்.
3. ஒரு சாண் உயரச் செடி. இலைகள் நாடா போல நீளம். இளம் இலையின் நுனி சுருண்டிருக்கிறது.
4. கொடைக்கானல் புல்வெளி. நிமிர்ந்த தண்டு. காம்பின் முனையில் பிறை போன்ற இலை.

செய்து பார்ப்போம்

நீங்கள் இருக்கும் ஊரிலேயே ஒரு ஜோடி இருக்கிறது: காஃப் மரமும் சீமைக் கருவேல மரமும். தூரத்திலிருந்து இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். இரண்டுக்கும் சின்னச் சின்ன இலைகள், இரண்டுக்கும் முள். காஃப் ஐக்கிய அரபு அமீரகத்தின் தேசிய மரம். 2019ஆம் ஆண்டைச் சகிப்புத்தன்மை ஆண்டாகக் கொண்டாடியபோது இந்த மரமே அதன் சின்னம். தமிழில் இதற்கு வன்னி என்று பெயர். நம் ஊர்க் கோயில்கள் சிலவற்றில் வன்னி மரத்தைப் பார்க்கலாம். சீமைக் கருவேலம் வெளியிலிருந்து வந்து வேகமாகப் பரவும் மரம். அதை வெட்டப் போகிறவர் தவறாகக் காஃபை வெட்டிவிட்டால்?

ஒரு பெரியவரோடு போய்ப் பாருங்கள். தொடாமல், முள் எங்கே இருக்கிறது என்று கவனியுங்கள். சீமைக் கருவேலத்தில் இலை முளைக்கும் கணுவில் முள் இருக்கும். காஃபில் கணுக்களுக்கு இடையில், கிளை நெடுக முள் பரவியிருக்கும். நீங்கள் பார்த்ததைப் படமாக வரைந்து, ஐந்து வாக்கியம் எழுதி வகுப்பில் படித்துக் காட்டுங்கள்.

விடைகள்: 1. பர்மன்னி. 2. இதுவும் பர்மன்னிதான், நிறம்தான் வேறு, வடிவம் ஒன்று. 3. இண்டிகா. 4. பெல்ட்டாட்டா.